இரண்டு மணி நேரத்தை மிச்சம்பிடித்த ஊர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள சிறு நகரம் பேட்டில் கிரீக். அங்கே கார்ன்ஃபிளேக்ஸ் தயாரிக்கும் கெல்லாக் தொழிற்சாலையில் 1930 டிசம்பர் 1, திங்கட்கிழமை முதல் ஷிப்டு முறை மாறியது. அதுவரை ஆளுக்கு எட்டு மணி நேரம், நாளுக்கு மூன்று ஷிப்டு. அன்று முதல் ஆளுக்கு ஆறு மணி நேரம், நாளுக்கு நான்கு ஷிப்டு. இயந்திரங்கள் முன்போலவே இரவு பகலாக ஓடின. அவற்றின் முன் நின்றவர்கள் மட்டும் இரண்டு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள்.

பொருளாதாரப் பெருமந்தத்தின் தொடக்க காலம் அது. நான்காவது ஷிப்டால் சுமார் 300 பேருக்கு வேலை கிடைத்தது. ஆட்குறைப்பு நடந்த ஓர் ஊரில் இருக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் உரிமையாளர் டபிள்யூ. கே. கெல்லாக்கின் முதல் நோக்கம். நேரம் கால்வாசி குறைந்தாலும் கூலி அதே அளவுக்குச் சரியாமலிருக்க, மணிக்கூலியை 12.5 சதவீதம் உயர்த்தினார். அடுத்த ஆண்டு இன்னொரு முறை உயர்த்தினார்.

அதே 1930-இல் இங்கிலாந்தின் பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். நூறு ஆண்டுகளில் மனிதர்கள் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தால் போதும் என்ற நிலை வரும் என்று அதில் கணித்திருந்தார். அந்தத் திசையில் ஓரடியைப் பேட்டில் கிரீக் அப்போதே எடுத்து வைத்துவிட்டது. அதனால்தான், வேகத்தைக் குறைத்து வாழ்வது எப்படி என்று இன்று யோசிக்கும் எவருக்கும் இந்த ஊரின் கதை உதவும். நாளுக்குக் குறைவாகச் செய்வது என்றாலே தியானம், அதிகாலை விழிப்பு, கைப்பேசியை அணைத்து வைப்பது என்று தனி மனிதரின் மன உறுதியைப் பற்றித்தான் பேச்சு வருகிறது. பேட்டில் கிரீக்கில் அது ஊர் கூடிச் செய்த ஏற்பாடு. ஊர் கைவிட்டபோது அதுவும் போனது.

உரிமையாளரான வில் கீத் கெல்லாக் 1860-இல் அதே ஊரில் பிறந்தவர். அவருடைய அண்ணன் ஜான் ஹார்வி கெல்லாக் நடத்திய புகழ்பெற்ற ஆரோக்கிய நிலையத்தில் கணக்கு, நிர்வாகம், சரக்கு என்று கால் நூற்றாண்டு காலம் பொழுது போவது தெரியாமல் உழைத்தார். தனிக் கம்பெனி தொடங்கியது 1906-இல். அந்த ஆண்டு அவருக்கு நாற்பத்தாறு வயது நிறைந்தது. சிறுவயதில் விளையாடவே கற்றுக்கொள்ளாமல் போனதைப் பிற்காலத்தில் வருத்தத்தோடு சொன்னார். ஊருக்கும் இதில் ஒரு பின்னணி உண்டு. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கடைப்பிடிக்கும் ஏழாம்நாள் வருகைச் சபை 1863-இல் முறைப்படி நிறுவப்பட்டது பேட்டில் கிரீக்கில்தான். கெல்லாக் சகோதரர்கள் அந்தச் சபைக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள். வெள்ளி மாலை கதிர் சாய்ந்ததும் கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டு, மறுநாள் மாலைவரை எல்லாருமாக ஓய்ந்திருப்பது அந்த வீடுகளில் பழகிப்போன ஒன்று.

ஆறு மணி நேர வேலை தொழிலாளர் வாழ்க்கையில் என்ன செய்தது என்பதை அமெரிக்கத் தொழிலாளர் துறையின் மகளிர் பிரிவு 1932-இல் நேரில் விசாரித்தது. பேசிய பெண்களில் பெரும்பாலோர் குறைந்த நேரத்தையே விரும்பினார்கள். பிற்காலத்தில் வரலாற்றாய்வாளர் பெஞ்சமின் ஹன்னிகட் முதிய தொழிலாளர்களைத் தேடிப் பேசி, 1996-இல் இதைத் தனி நூலாகவே எழுதினார். அந்த இரண்டு மணி நேரம் போன வழிகள் எளியவை: வீட்டுத் தோட்டம், தையல், குளிர்காலத்துக்காகப் பழமும் காய்கறியும் பதப்படுத்திப் புட்டிகளில் அடைப்பது, பந்தாட்டம், வேட்டை, நூலகம், பிள்ளைகளோடு இருப்பது, அக்கம்பக்கத்தாரோடு பேசுவது. பீன்ஸ் நறுக்குவதும் புட்டியில் அடைப்பதும் உழைப்புதான். ஆனால் நாலு பெண்கள் ஒரு சமையலறையில் கூடிப் பேசிக்கொண்டே செய்யும்போது, விசிலுக்கும் மேற்பார்வையாளருக்கும் அங்கே இடமில்லை. வேலையின் வேகத்தைச் செய்கிறவர்களே தீர்மானித்தார்கள்.

கம்பெனிக்கு நட்டமா? 1935-இல் கெல்லாக் தன் ஐந்தாண்டுக் கணக்கை வெளியிட்டார். ஒரு பொட்டலத்துக்கு ஆகும் கூலிச் செலவு 10 சதவீதமும் மேல்செலவு 25 சதவீதமும் குறைந்திருந்தன. விபத்துகள் 41 சதவீதம் குறைந்தன. 1929-இல் இருந்ததைவிட 39 சதவீதம் அதிகமானோர் வேலையில் இருந்தார்கள். எட்டு மணி நேரத்துக்குக் கொடுத்த கூலியை ஆறு மணி நேரத்துக்கே கொடுக்க முடிகிறது என்று அவர் அறிவித்தார். களைத்த கை குறைந்ததால் இயந்திரத்தில் சிக்கிய கையும் குறைந்தது என்பதே விபத்துக் கணக்குக்கு இயல்பான விளக்கம்.

இது ஒரு முதலாளியின் தனி ஆசையாகவும் நிற்கவில்லை. வாரத்துக்கு முப்பது மணி நேரம் என்ற வரம்பைச் சட்டமாக்க செனட்டர் ஹியூகோ பிளாக் கொண்டுவந்த மசோதாவை அமெரிக்க செனட் 1933 ஏப்ரல் 6 அன்று 53-க்கு 30 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. அதிபர் ரூஸ்வெல்டின் அரசு வேறு வழியில் போனதால் அது சட்டமாகவில்லை. 1938-இல் வந்த சட்டம் படிப்படியாக நாற்பது மணி நேரத்தில் போய் நின்றது. உலகின் பெரும்பகுதி இன்றுவரை இயல்பென்று நினைக்கும் அந்த நாற்பது, முப்பதை நோக்கிப் போன ஒரு முயற்சி பாதியில் நின்ற இடம்.

ஆறு மணி நேர நாள் தோற்றதால் முடிந்ததா என்பதுதான் இந்த வரலாற்றில் ஊன்றிப் பார்க்க வேண்டிய கேள்வி. இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. 1943-இல் ரூஸ்வெல்டின் ஆணைப்படி தொழிற்சாலைகள் நீண்ட வேலைநேரத்துக்குத் திரும்பின. கெல்லாக்கும் எட்டு மணி நேரத்துக்கு மாறியது. போர் முடிந்ததும் தொழிலாளர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. பெண்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆறு மணி நேரம் கேட்டார்கள். ஆண்களிலும் பெரும்பான்மை அதுவே. ஆறு மணி நேரம் திரும்பி வந்தது, ஆனால் நிர்வாகம் அதற்குள் கைமாறியிருந்தது. புதியவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் பற்று இல்லை. காப்பீடு, ஓய்வூதியம் போன்றவை ஆள் கணக்கில் ஏறும் செலவுகளானதால், அதிகம் பேரைக் குறைந்த நேரம் வைத்திருப்பதைவிடக் குறைந்த பேரை அதிக நேரம் வேலை வாங்குவது மலிவாகத் தெரிந்தது. 1950-களில் பிரிவு பிரிவாக வாக்கெடுத்து எட்டு மணி நேரத்துக்கு மாறலாம் என்றானதும், ஆண்கள் அதிகமுள்ள பிரிவுகள் ஒவ்வொன்றாக மாறின. கூடுதல் கூலி ஒரு காரணம். இன்னொரு காரணம் கௌரவம். ஆறு மணி நேரம் என்பது பெண்களுக்கும் முதியவர்களுக்கும் உடம்புக்கு முடியாதவர்களுக்கும் உரியது என்ற பேச்சு தொழிற்சாலைக்குள் பரவியது. முப்பதுகளில் ஊரே பெருமையாகச் சொன்ன ஏற்பாடு, ஐம்பதுகளில் ஆம்பிளைக்கு அழகில்லாத வேலையானது.

கடைசிவரை பிடித்துவைத்திருந்தவர்கள் சுமார் 530 பேர், பெரும்பாலும் பெண்கள். எட்டு மணி நேரத்துக்கு மாறாவிட்டால் வேலைகளை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று நிர்வாகம் அழுத்தம் கொடுத்தது. 1985 பிப்ரவரியில் அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். சிலர் சேர்ந்து ஒரு சவப்பெட்டி செய்து, ஊர் மதுக்கடை ஒன்றில் ஆறு மணி நேர நாளுக்கு இறுதிச் சடங்கு நடத்தினார்கள். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் நடைமுறையில் இருந்த ஒன்றுக்கு அந்த மரியாதை தகும்.

அவர்கள் பறிகொடுத்தது பொழுதுபோக்கை மட்டும்தானா? அவசரம் மனிதரை என்ன செய்கிறது என்று பார்த்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரைக் கொண்டு, உளவியலாளர்கள் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1970 டிசம்பரில் சோதனை நடத்தி 1973-இல் வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்துபோய்ச் சிறு உரை ஆற்ற வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் பற்றிய பைபிள் கதை. இடையில் ஒரு சந்து. அங்கே ஒரு வாசலில் ஓர் ஆள் தலை குனிந்து, கண் மூடிச் சரிந்து கிடக்கிறார். மாணவர் கடக்கும்போது இரண்டு முறை இருமி முனகுகிறார். அவர் ஆய்வாளர்கள் அமர்த்திய நடிகர்.

மாணவர்களை அனுப்பும்போது சொன்ன வார்த்தையில்தான் சோதனையே இருந்தது. சிலரிடம், இன்னும் சில நிமிடம் இருக்கிறது, மெதுவாகப் போகலாம் என்றார்கள். சிலரிடம், அங்கே தயாராக இருக்கிறார்கள், இப்போதே போங்கள் என்றார்கள். மீதிப் பேரிடம், நேரமாகிவிட்டது, உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்றார்கள். முதல் வகையினரில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். இரண்டாம் வகையில் 45 சதவீதம். நேரமாகிவிட்டது என்று கேட்டுக் கிளம்பியவர்களில் 10 சதவீதம் மட்டுமே. உரையின் தலைப்பு சொல்லத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. சமாரியன் கதையைச் சொல்லப் போன சிலர், கிடந்தவரைத் தாண்டிக் காலெடுத்து வைத்தே போனார்கள்.

நாற்பது பேரை வைத்துச் செய்த சிறிய சோதனை இது. ஆனாலும் அது கவனித்த இரண்டு விஷயங்கள் கனமானவை. அந்த மாணவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பலர் போய்ச் சேர்ந்தபோது கலக்கத்தோடுதான் இருந்தார்கள். காத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்த வாக்குக்கும் கண்ணெதிரே கிடக்கும் ஒருவருக்கும் இடையில் அவர்கள் சிக்கியிருந்தார்கள். அடுத்தது, அந்த அவசரம் அவர்களுடையதே இல்லை. அறைக்குள் இருந்த ஒருவர் ஒரே வாக்கியத்தில் அதை அவர்கள்மேல் ஏற்றி அனுப்பினார். விழிப்போடு வாழ்வதற்குப் பயிற்சிகள் உதவலாம். ஆனால் தலையில் இறையியல் நிறைந்தவர்களுக்கே தாமதம் என்ற ஒரு சொல் இப்படிக் கண்ணைக் கட்டியது என்றால், அந்தச் சொல்லை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் ஓட்டுநரும் செவிலியரும் விநியோக ஊழியரும் எந்த மன உறுதியைக் கொண்டு சமாளிப்பது?

குறைப்பது கடினமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது மனத்தில் தோன்றுவதே அபூர்வம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேப்ரியேல் ஆடம்ஸ், லெய்டி குளோட்ஸ் உள்ளிட்ட குழு 2021-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில் லெகோ கட்டைகளால் ஒரு சிறு கட்டுமானம் வருகிறது. அதன் கூரை ஒரு மூலையில் ஒற்றைக் கட்டையின் மேல் நிற்கிறது. மேலே செங்கல் வைத்தாலும் சரியாதபடி அதை உறுதியாக்க வேண்டும். முடித்தால் ஒரு டாலர் பரிசு; சேர்க்கும் ஒவ்வொரு கட்டைக்கும் பத்து சென்ட் பிடித்தம். இருக்கும் ஒற்றைக் கட்டையை உருவிவிட்டால் கூரை கீழே நன்றாக அமர்ந்துவிடும், செலவும் இல்லை. அதைச் செய்தவர்கள் 41 சதவீதம்தான். கட்டையை எடுத்தால் பிடித்தம் கிடையாது என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னபோது அது 61 சதவீதமானது. எடுப்பதும் ஒரு வழி என்று யாராவது நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அலுவலகங்களில் சிக்கல் வந்தால் ஒரு கூட்டம் கூடுகிறது, ஒரு படிவம் கூடுகிறது, ஒரு வாட்ஸ்அப் குழு கூடுகிறது. எதையும் நீக்கும்படி நினைவூட்ட ஆளில்லை.

ஐஸ்லாந்தில் அப்படி நினைவூட்டியவர்கள் தொழிற்சங்கங்களும் மக்கள் அமைப்புகளும். அவர்களுடைய வலியுறுத்தலால் ரெய்க்யவிக் மாநகராட்சியும் நாட்டின் அரசும் 2015 முதல் 2019 வரை கூலியைக் குறைக்காமல் வாரத்துக்கு நாற்பது மணி நேரத்தை 35 அல்லது 36 ஆகக் குறைத்துப் பார்த்தன. பங்கேற்றவர்கள் 2,500 பேருக்கு மேல். அந்த நாட்டின் உழைப்பாளர்களில் சுமார் ஒரு சதவீதம். அலுவலகம், குழந்தைகள் பள்ளி, மருத்துவமனை, சமூக நலப் பணி என்று இடங்கள் பலவகை. கூட்டங்களைச் சுருக்கினார்கள், மின்னஞ்சலில் தீர்வதற்குக் கூட்டம் போடுவதை விட்டார்கள், ஷிப்டுகளை மாற்றி அடுக்கினார்கள். பெரும்பாலான இடங்களில் வேலை குறையவில்லை. சில இடங்களில் கூடியது. மனச்சோர்வும் களைப்பும் தணிந்தன. ஆனால் நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரத்தைச் சுருக்க முடியாது. பின்னர் ஒப்பந்தம் மருத்துவப் பணிக்கு விரிந்தபோது கூடுதல் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அரசு அதற்குப் பணம் ஒதுக்கியது. 2021-இல் அறிக்கை வெளியானபோது, நாட்டின் உழைப்பாளர்களில் 86 சதவீதம் பேர் குறைந்த நேரத்துக்கு மாறியிருந்தார்கள் அல்லது மாறக் கோரும் உரிமை பெற்றிருந்தார்கள்.

நாட்களின் எண்ணிக்கை மட்டும் குறைவது வேறு. தமிழ்நாடு அதை 2023-இல் கண்டது. ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்த மசோதா, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்வரை வேலை வாங்க வழி செய்தது. நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாம், வாரத்தின் 48 மணி நேர வரம்பு மாறாது என்று அரசுத் தரப்பு விளக்கியது. தொழிற்சங்கங்களும் ஆளும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தன. பன்னிரண்டு மணி நேரத்தோடு போக்குவரத்து நேரத்தையும் கூட்டினால் அன்றைய நாளில் உறக்கத்தைத் தவிர எதுவும் மிஞ்சாது என்பது அடிப்படையான ஆட்சேபம். மசோதா நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு ஒன்பது மணி நேரம் என்று தனி வரம்பு வைத்ததன் பொருள் அப்போது பலருக்கும் புரிந்தது. களைப்பு அன்றன்றைக்கே ஏறுகிறது. அதை வாரக் கடைசியில் மொத்தமாக இறக்கிவைக்க முடியாது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2021 செப்டம்பரில் இதே சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் சிறியதொரு திருத்தம் செய்தது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வைக்க வேண்டும். வேலைக்கிடையே உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரலாம். கேரளம் 2018-இலேயே இதைச் செய்திருந்தது. ஜவுளிக்கடையில் புடவை எடுத்துக் காட்டும் பெண், வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்த வழக்கத்துக்கு எதிரானது இந்தத் திருத்தம். கால் வீக்கத்தோடு வீடு திரும்பும் ஒருவருக்கு நிதானமாக வாழுங்கள் என்று அறிவுரை சொல்வதைவிட ஒரு ஸ்டூல் போடுவது பயனுள்ளது. சட்டம் வந்துவிட்டது, எத்தனை கடைகளில் அந்த ஸ்டூல் இருக்கிறது என்பதைப் புடவை எடுக்கப் போகிறவர்களே பார்த்துக் கேட்கலாம்.

சட்டம் எட்டாத இடங்களிலும் கூட்டு ஏற்பாடு வேலை செய்கிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் லெஸ்லி பெர்லோ, பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தில் நடத்திய முயற்சியை 2009-இல் வெளியிட்டார். அந்த நிறுவனத்தில் எந்நேரமும் அழைப்புக்குக் காத்திருப்பது வழக்கம். அங்கே குழுவில் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு மாலை, ஆறு மணிக்கு மேல் வேலையும் இல்லை, அழைப்பும் இல்லை. எந்த நாள் என்பது முன்பே குறிக்கப்படும். அன்று அவருடைய பொறுப்பைக் குழு ஏற்கும். விரும்பினால் எடுக்கலாம் என்று விட்டிருந்தால் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அதனால் கட்டாயமாக்கினார்கள். சிலர் முதலில் முரண்டினார்கள். ஒருவர் வேலையை இன்னொருவர் பார்க்க வேண்டியிருந்ததால் யார் என்ன செய்கிறார்கள் என்று வாரந்தோறும் வாய்விட்டுப் பேச வேண்டியதானது. செய்யத் தேவையில்லாத வேலைகள் அந்தப் பேச்சில் தெரியவந்தன.

இந்த ஏற்பாடு மிக அவசரமாகத் தேவைப்படும் இடம் வீடு. இந்திய அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அடுத்த கணக்கெடுப்பு 2024-இல். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து ஆண்டுகளில் பெண்ணுக்கு மிச்சமானது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் ஏற்றுக்கொண்டதற்கு அறிகுறியும் இல்லை. அவர்களுடைய நேரமும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. கெல்லாக் பெண்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் பிடித்திருந்த இரண்டு மணி நேரம், தொழிற்சங்க ஒப்பந்தத்தின் பலத்தில் நின்றது. வீட்டில் அப்படி எழுதிவைத்த எதுவும் இல்லை. சாப்பாட்டு மேசையில் பேசி வாரத்தில் ஒரு மாலையைத் தேர்ந்தெடுப்பது ஒரு தொடக்கமாக இருக்கும். புதன்கிழமை என்று வைத்துக்கொண்டால், அன்று ஆறு மணிக்கு மேல் அடுப்பை யார் பார்ப்பது, பிள்ளையின் வீட்டுப்பாடத்தோடு யார் உட்காருவது, பாத்திரம் யார் கழுவுவது, மறுநாள் காலைக்கான மாவை யார் எடுத்துவைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் அம்மாவைத் தவிர மற்றவர்கள் பெயரைப் போட்டு, சமையலறைக் காலண்டரிலேயே எழுதிவிடலாம்.